அம்மாவுக்கு பெம்பிகஸ்: வாய்ப்புண் திரும்பி வந்திருக்கா, இல்லை பூஞ்சையா?

அம்பைக்காரி
திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன். இன்னைக்கு எழுத வேண்டிய நிலைமை.

என் அம்மாவுக்கு 54 வயசு. பெம்பிகஸ் வல்காரிஸ்னு, அதாவது தோல்லயும் வாய்லயும் கொப்புளம் வந்து உரியற நோய்னு, ஒன்றரை வருஷம் முன்னாடி பயாப்சியில உறுதியாச்சு. ஆரம்பத்துல வாய்ல மட்டும்தான் புண். பல் டாக்டர், பி காம்ப்ளெக்ஸ், மணத்தக்காளிக் கீரைன்னே நாலு மாசம் ஓடிடுச்சு. அப்புறம் முதுகுல கொப்புளம் உடைஞ்சு, போட்டிருந்த ஜாக்கெட் தோலோட ஒட்டிக்கிட்டு வந்தப்பதான் தோல் டாக்டர்கிட்ட போனோம். பிரெட்னிசலோன்ங்கிற ஸ்டீராய்டு 60 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு, கூடவே எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற அசாதயோப்ரின். படிப்படியா குறைச்சு 15க்கு வந்திருந்தோம். உடம்புல எல்லாம் ஆறி கருப்புத் தழும்பு மட்டும்தான் பாக்கி.

மூணு வாரமா வாய் மறுபடியும் எரியுதுங்கிறாங்க. எங்க தோல் டாக்டர் வெளியூர், போக வர ஒரு நாள் ஆகும். அதனால பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம். பார்த்த உடனே "நோய் திரும்பிடுச்சு"ன்னு 15ஐ 40 ஆக்கிட்டாங்க. பத்து நாள் ஆச்சு, எரிச்சல் குறையவே இல்லை, கூடியிருக்கு. நேத்து ராத்திரி கரண்டிக் காம்பால நாக்கை அமுக்கி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். கன்னத்தோட உள்பக்கம் தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்கு. நாக்கு நடுவுல மாவு பூசினாப்ல இருக்கு. கடைவாய் ரெண்டு பக்கமும் வெடிச்சிருக்கு.

அம்மாவுக்கு சுகரும் உண்டு, கிளிமெபிரைடு போடறாங்க. இது பெம்பிகஸா, பூஞ்சையா? ஸ்டீராய்டை நானே குறைச்சிடவா? மோர் சாதம்கூட இறங்க மாட்டேங்குது, பார்க்கவே முடியலை.


காவிரிக்கரை
திங்கள், இரவு 10:15

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. ஸ்டீராய்டை நீங்களா குறைக்காதீங்க, நிறுத்தவே நிறுத்தாதீங்க. மாசக்கணக்கா வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துட்டிருந்தா, அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து தூங்கிடும். திடீர்னு நிறுத்தினா ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாஞ்சிடுவாங்க. பூஞ்சையா இருந்தாலும் இந்த விதி மாறாது.

எனக்கு பெம்பிகஸ் வந்து 9 வருஷம். நீங்க எழுதினது அப்படியே என் மூணாவது வருஷத்துக் கதை. எனக்கும் "நோய் கிளம்பிடுச்சு"ன்னு டோஸைக் கூட்டினாங்க. கூட்டக் கூட்ட வாய் மோசமாச்சு. மோசமாகுதேன்னு மறுபடியும் கூட்டினாங்க. ஆறு வாரம் இப்படியே போச்சு. முழுங்கும்போது நெஞ்செலும்புக்குப் பின்னாடி கத்தி வச்ச மாதிரி வலி வந்தப்பதான் எண்டோஸ்கோப்பி பண்ணாங்க. உணவுக்குழாய் முழுக்க கேண்டிடாங்கிற பூஞ்சை. நாங்க ஊட்டின ஸ்டீராய்டைத் தின்னு வளர்ந்துட்டு இருந்திருக்கு.

அன்னையிலிருந்து யாராவது "வாய்ப்புண் திரும்பிடுச்சு"ன்னு சொன்னா நான் கேக்கறது ஒரே கேள்விதான். சுரண்டிப் பார்த்தாங்களா?

அம்மாவுக்கு முழுங்கும்போது நெஞ்சுல வலிக்குதான்னு கேளுங்க.


அம்பைக்காரி
திங்கள், இரவு 10:31

கேட்டேன் அண்ணா. நெஞ்சுல வலி இல்லையாம், வாய்ல மட்டும்தான். எதைச் சாப்பிட்டாலும் ருசி தெரியலை, சவசவன்னு இருக்குங்கிறாங்க. யாரும் எதையும் சுரண்டிப் பார்க்கலை.


தோல்மருத்துவன்
திங்கள், இரவு 11:50

நான் தோல் மருத்துவன். இணையத்தில் வைத்தியம் பார்க்க மாட்டேன். ஆனால் இந்தக் குழப்பத்தை வாரத்துக்கு ஒரு முறையாவது வெளிநோயாளிப் பிரிவில் பார்ப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெம்பிகஸ் வல்காரிஸில் உடலே தன் தோல் செல்களை ஒட்டிவைக்கும் டெஸ்மோக்ளீன் என்ற புரதத்தைத் தாக்குகிறது. வாயின் உட்தோலைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3. அதனால்தான் பலருக்கு வாயில் தொடங்குகிறது. ஒட்டு விட்டுப்போன இடம் தோலுரிந்த ரணம். நம் எல்லார் வாயிலும் சாதுவாகக் குடியிருக்கும் கேண்டிடாவுக்கு அது திறந்த கதவு. இது முதல் காரணம்.

இரண்டாவது, நாங்கள் கொடுக்கும் மருந்து. ஸ்டீராய்டு இல்லாத காலத்தில் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். 1950களில் ஸ்டீராய்டு வந்து அதை மாற்றியது. டில்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் கொண்டுவந்த டெக்ஸாமெத்தசோன், சைக்ளோபாஸ்பமைடு பல்ஸ் சிகிச்சையும் (இடைவெளி விட்டுப் பெரிய டோஸாகக் கொடுப்பது) நம் நாட்டில் ஏராளமானோரைக் காப்பாற்றியது. ஆனால் அதே ஸ்டீராய்டு, பூஞ்சையை விழுங்கும் வெள்ளணுக்களின் கையைக் கட்டிவிடுகிறது. இன்று பெம்பிகஸ் நோயாளியை நாங்கள் இழக்கிறோம் என்றால் பெரும்பாலும் கொப்புளத்தால் அல்ல, தொற்றால்தான். அதில் பாக்டீரியாவின் பங்கு பெரிது. பூஞ்சையின் பங்கும் குறைவல்ல.

மூன்றாவது, சர்க்கரை. ஏற்கெனவே இருந்ததை ஸ்டீராய்டு ஏற்றும், இல்லாதவருக்கும் வரவழைக்கும். உமிழ்நீரிலும் சர்க்கரை கூடினால் கேண்டிடாவுக்கு விருந்துதான்.

இனி உங்கள் கேள்வி. தயிர்த்திரி போன்ற வெள்ளை, ருசி போவது, கடைவாய் வெடிப்பு, ஸ்டீராய்டு கூட்டியபின் மோசமாவது: நான்குமே பூஞ்சையின் பக்கம் கைகாட்டுகின்றன. ஆனால் இரண்டு எச்சரிக்கை. பெம்பிகஸ் ரணத்தின் மேல் படியும் செத்த தோலும் வெள்ளையாகத்தான் இருக்கும். அதைத் துணியால் தேய்த்துப் பார்க்காதீர்கள், உரிந்து ரத்தம் வரும். இன்னொன்று, வெள்ளையே இல்லாமல் நாக்கு வழவழவென்று சிவந்து எரிகிற கேண்டிடாவும் உண்டு. "வெள்ளை இல்லை, அதனால் பூஞ்சை இல்லை" என்று விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

சோதனை எளிது. மழுங்கிய கத்தி முனையால் அந்த வெள்ளையை லேசாகச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். மொட்டுவிட்ட ஈஸ்ட்டும் நூல் போன்ற இழைகளும் தெரிந்தால் முடிவு கிடைத்துவிட்டது. அரை மணி நேர வேலை, செலவும் மிகக் குறைவு. வெறும் கல்ச்சரில் (ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கேண்டிடா வளர்ந்தது என்ற ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அது நல்ல வாயிலும் வளரும். ஹெர்பீஸ் வைரஸும் இதே வேடம் போடும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் பழைய தோல் மருத்துவருக்கு நாளைக்கே போன் செய்யுங்கள்.


செம்மண்
செவ்வாய், காலை 6:20

அம்மா, நான் மூத்தவன், தப்பா எடுத்துக்காதே. கொப்புளம்னா எங்க பக்கம் அக்கின்னு சொல்லி குயவர்கிட்ட காவி எழுதுவோம். என் அத்தைக்கு ரெண்டு சிங்கம் எழுதினதும் மூணே நாள்ல காய்ஞ்சது. வாய்க்கு எழுத முடியாது, முதுகுக்கு எழுதிப் பாரேன். பூஞ்சைக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டா போதும்.


வார்டு அக்கா
செவ்வாய், காலை 7:05

ஐயா, வணக்கம். நான் 22 வருஷமா தோல் வார்டு நர்ஸ். உங்க அத்தைக்கு வந்தது அக்கியாவே இருந்திருக்கும். அது ஒரு பக்கமா பட்டையா வந்து தானா காயுற வைரஸ் நோய். பெம்பிகஸ் தானா காயாது. கொப்புளம் உடைஞ்சு உரிஞ்ச தோல் மேல ஈர மண்ணைப் பூசினா, மண்ணுல இருக்கிற கிருமியும் பூஞ்சை விதையும் நேரா உள்ள போகும். காவி எழுதிட்டு வந்தவங்களை வார்டுல கழுவி இருக்கேன் ஐயா. ரணத்தோட சேர்ந்து காய்ஞ்ச மண்ணை எடுக்கும்போது அவங்க கத்தினது இன்னும் காதுல இருக்கு. அரைச்ச வேப்பிலையும் அப்படித்தான், உரிஞ்ச தோல்ல ஒட்டிக்கும்.

நம்ம ஊர் முறையில நான் கையெடுத்துக் கும்பிடறது வாழை இலையை. பெரிய புண்ணோட வர்றவங்களுக்கு, கழுவித் துடைச்சு ஆவியில காட்டின இளம் வாழை இலையைத்தான் படுக்கையில விரிப்போம். தோல் ஒட்டாது, குளிர்ச்சியா இருக்கும். விலை கூடின எந்த டிரெஸ்ஸிங்குக்கும் அது குறைஞ்சதில்லை. ஆனா ஒரு வேளைக்கு ஒரு இலை. வியர்வையும் நீரும் ஊறின இலையிலேயே படுத்திருந்தா அதுவே பூஞ்சைக்கு மெத்தை.

அம்பைக்காரி, வாய் மட்டும் பார்த்தா போதாதும்மா. அம்மாவை ஜன்னல் பக்கம் வெளிச்சத்துல நிக்க வச்சு, மார்புக்கு அடியில, அக்குள், தொடை இடுக்கு, தொப்புள், கால் விரல் இடுக்கு எல்லாம் பாருங்க. பொம்பளைங்க கூச்சப்பட்டுக்கிட்டு சொல்லவே மாட்டாங்க. மடிப்புல சிவந்து ஈரமா, ஓரத்துல சின்னச் சின்ன சிவப்புப் பொட்டு தள்ளித் தள்ளி இருந்தா அதுவும் கேண்டிடாதான். அடியில வெள்ளைப்படுதல், அரிப்பு இருக்கான்னும் கேளுங்க. பாத்திரம் தேய்க்கிறவங்கன்னா நகக்கண்ணையும் பாருங்க, நகச்சுத்து வந்திருக்கும்.


அம்பைக்காரி
செவ்வாய், காலை 8:12

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பார்த்தேன். மார்புக்கு அடியில ரெண்டு பக்கமும் சிவந்து கிடக்கு. ஒரு மாசமா இருக்காம். "வேர்க்குருன்னு நெனச்சேன், பவுடர் போட்டுக்கிட்டேன்"ங்கிறாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

டாக்டர்கிட்ட பேசிட்டேன். வியாழன் வரச் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் 40லயே இருக்கச் சொன்னார்.


வாவிக்கரை
செவ்வாய், மதியம் 1:30

நான் மட்டக்களப்பு. அப்பாவுக்கு 77 வயது, அவருக்கு புல்லஸ் பெம்பிகாயிட். அது பெம்பிகஸ் மாதிரி இல்லை, கொப்புளம் இறுக்கமா பெரிசா வரும், லேசில உடையாது, கடி (அரிப்பு) தாங்கேலாது. உடம்பு முழுக்கப் பூசச் சொல்லி குளோபெட்டசோல் எண்ட ஸ்டீராய்டு கிறீம் தந்திருக்கினம். அது நல்லா வேலை செய்யுது.

ஆனா இப்ப இடுப்பிலயும் தொடையிலயும் வட்டம் வட்டமா படர்தாமரை மாதிரி வருது. ஓரம் தெளிவா இல்லை. கிறீம் பூசினா கடி அடங்குது, விட்டா திரும்ப வருது. இதுவும் கொப்புள நோயின்ர பகுதியா? இஞ்ச எழுதினதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.


தோல்மருத்துவன்
செவ்வாய், இரவு 10:05

வாவிக்கரை, உங்கள் சந்தேகம் நியாயமானது. பெம்பிகாயிடில் உடல் முழுவதும் குளோபெட்டசோல் பூசுவது நல்ல சிகிச்சை. வயதானவர்களுக்கு மாத்திரை ஸ்டீராய்டைவிடப் பாதுகாப்பானதும்கூட. ஆனால் படர்தாமரை மேல் ஸ்டீராய்டு கிரீம் பட்டால் அரிப்பும் சிவப்பும் அடங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே பரவும். வழக்கமான வட்ட ஓரம் கலைந்து, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத உருவம் எடுக்கும். பெம்பிகாயிடிலேயே கொப்புளம் வராமல் தடிப்பும் அரிப்புமாக வருவது உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பு. தடிப்பின் ஓரத்தைச் சுரண்டி அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சோதனை செய்யச் சொல்லுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடந்த பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் படர்தாமரை இங்கே கொள்ளைநோய் போலப் பரவிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைக்கோபைட்டான் இன்டோட்டினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாபின் என்ற பூஞ்சை மாத்திரைக்கு அது பல நேரம் மசிவதில்லை. ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒரே ட்யூபில் கலந்து மருந்துக்கடையில் கேட்டவுடன் கொடுத்ததற்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2018-ல் ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. கடைக்குப் போய்ப் பாருங்கள், எவ்வளவு மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கும் வீட்டில் அந்த மும்மருந்து ட்யூப் இருக்கவே கூடாது.

வீட்டில் வேறு யாருக்காவது படர்தாமரை இருந்தால் சேர்த்தே சிகிச்சை எடுக்க வேண்டும். துண்டும் உள்ளாடையும் தனியாக, வெயிலில் காய வேண்டும்.


காவிரிக்கரை
செவ்வாய், இரவு 10:40

டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உணவுக்குழாய்ல வந்ததுக்கு அப்புறம் எனக்கு வாரம் ஒரு ப்ளூகோனசோல் (பூஞ்சை மாத்திரை)னு ஒரு வருஷம் கொடுத்தாங்க. அப்புறம் வரவே இல்லை. பெம்பிகஸ்னு தெரிஞ்ச அன்னைக்கே எல்லாருக்கும் இதை ஆரம்பிச்சிட்டா இந்தக் கஷ்டமே வேண்டாமே? ஏன் செய்ய மாட்டேங்கிறீங்க?


தோல்மருத்துவன்
செவ்வாய், இரவு 11:25

ஐயா, உங்களுக்குக் கொடுத்தது சரி. ஒரு முறை உணவுக்குழாய் வரை போனவர், டோஸ் இன்னும் உயரத்தில், திரும்ப வரும் ஆபத்து அதிகம். ஆனால் எல்லாருக்கும் முதல் நாளிலிருந்தே கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பலருக்கு வராது, வந்தாலும் வாயில் இருக்கும்போதே பிடித்துவிட்டால் எளிதாகக் குணமாகும். நீண்ட நாள் கொடுத்தால் மருந்துக்கு மசியாத கேண்டிடா வகைகள் அந்த இடத்தைப் பிடிக்கும். ப்ளூகோனசோல் பல மருந்துகளோடு மோதுவதும் உண்டு.

முன்கூட்டியே மருந்து கொடுக்க நான் யோசிக்கும் பூஞ்சை வேறொன்று: நியூமோசிஸ்டிஸ். நுரையீரலில் வரும். முன்பு இதை ஒற்றைச்செல் உயிரி என்று நினைத்திருந்தார்கள், 1988-ல்தான் மரபணு ஆய்வில் பூஞ்சை என்று தெரிந்தது. பிரெட்னிசலோன் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ நான்கு வாரத்துக்கு மேல் போனால், குறிப்பாகக் கூடவே எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் இன்னொரு மருந்தோ ரிட்டுக்சிமாப் ஊசியோ இருந்தால், கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் தருவதா என்று யோசிப்போம். பெம்பிகஸ் நோயாளிகளில் இது அபூர்வம், அதனால் எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அந்த மாத்திரையே ரத்த அணுக்களைக் குறைக்கலாம், கடும் தோல் ஒவ்வாமையும் தரலாம். வயது, நுரையீரல் நிலை, ரத்த அணு எண்ணிக்கை எல்லாம் பார்த்து ஆளுக்கு ஆள் முடிவெடுக்கிறேன்.

வறட்டு இருமல், காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மட்டும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.


மருந்துச்சீட்டு
புதன், காலை 9:00

பார்மசிஸ்ட். டாக்டர் "மோதுவதும் உண்டு"ன்னு ஒரு வரியில விட்டதை நான் கொஞ்சம் பிரிச்சு எழுதறேன், ஏன்னா கவுண்டர்ல நான் பயப்படறது இதுக்குத்தான்.

அம்பைக்காரி அம்மா கிளிமெபிரைடு எடுக்கறாங்க. ப்ளூகோனசோல் கொடுத்தா அது கல்லீரல்ல கிளிமெபிரைடு உடையறதைத் தடுக்கும். சுகர் மாத்திரையோட பலம் கூடும். அம்மா சாப்பிடவும் இல்லை. இதுல ஸ்டீராய்டும் குறையத் தொடங்கினா, தூக்கிப் பிடிச்சிருந்த சுகர் சட்டுனு விழும். டாக்டர்கிட்ட "கிளிமெபிரைடு போடறாங்க"ன்னு வாயைத் திறந்து சொல்லுங்க. வேற டாக்டர் எழுதின சீட்டு அவர் கையில இருக்காது.

வார்பரின் எடுக்கறவங்களுக்கு ப்ளூகோனசோல் சேர்ந்தா ரத்தம் உறையறது தாமதமாகி ரத்தப்போக்கு வரலாம்.

இன்னொரு பூஞ்சை மருந்து இட்ராகோனசோல். அந்தக் கேப்சூல் கரைய வயித்துல அமிலம் வேணும், சாப்பாட்டோட போடணும். ஆனா ஸ்டீராய்டு எடுக்கற முக்கால்வாசிப் பேர் காலையில வெறும் வயித்துல பேன்டோப்ரசோல் போடறாங்க. அமிலத்தை அடைச்சிட்டு இந்தக் கேப்சூலைப் போட்டா பாதிகூட ரத்தத்துல ஏறாது. அப்புறம் "மருந்து கேக்கலை"ம்பாங்க. மெத்தில்பிரெட்னிசலோனும் டெக்ஸாமெத்தசோனும் இட்ராகோனசோலோட சேர்ந்தா உடம்புல தங்கிடும், டோஸ் கூட்டின மாதிரி ஆகும். கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினோட சேரவே கூடாது. இதய பலவீனம் இருக்கறவங்களுக்கும் இட்ராகோனசோல் ஆகாது.

எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மெத்தோட்ரெக்சேட் எடுக்கறவங்க கோட்ரைமாக்சசோலை யார் எழுதினாலும் திரும்பக் கேளுங்க. ரெண்டும் சேர்ந்தா எலும்பு மஜ்ஜையையே அமுக்கிடும்.

வாய்ப் பூஞ்சைக்கு நிஸ்டாடின் சொட்டு மருந்து கொடுத்தா, குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை அதோட சேர்த்துக் கொப்பளிக்காதீங்க. ஒண்ணு இன்னொண்ணோட வேலையைக் கெடுத்துடும். நடுவுல நல்லா இடைவெளி விடணும்.


அம்பைக்காரி
வியாழன், இரவு 11:10

போயிட்டு வந்துட்டோம். இப்பதான் வீடு சேர்ந்தோம்.

டாக்டர் சுரண்டி எடுத்து அங்கேயே லேப்ல பார்க்கச் சொன்னார். நாற்காலியில உக்காந்து காத்துக்கிட்டிருந்தப்போ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க. முக்கால் மணி நேரத்துல அவரே என்னைக் கூப்பிட்டு நுண்ணோக்கியில காட்டினார். மூங்கில் குச்சியை ஒடிச்சுப் போட்ட மாதிரி நூல் நூலா, அதோட கணுவுல முட்டை முட்டையா. "இதுதான் உங்கம்மா வாயை எரிக்குது, பெம்பிகஸ் இல்ல"ன்னார். உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தார், புதுக் கொப்புளம் ஒண்ணுகூட இல்லை. தழும்பு ஓரத்துல விரலால அழுத்தித் தள்ளிப் பார்த்தார், தோல் நழுவலை.

ப்ளூகோனசோல் 14 நாள், வாய்க்கு குளோட்ரிமசோல் சொட்டு, மார்புக்கு அடியில பூச கிரீம். பார்மசிஸ்ட் சார், கிளிமெபிரைடு பத்தி சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "நல்லவேளை சொன்னீங்க"ன்னு பாதி டோஸ் ஆக்கினார். ஸ்டீராய்டை 40ல இருந்து அஞ்சு நாளைக்கு ஒரு படியா பழைய 15க்கு இறக்க எழுதிக் கொடுத்திருக்கார். மேல் பல்வரிசை செட்டை ராத்திரி கழட்டி வைக்கணும்னார். அம்மா ஒன்றரை வருஷமா அதைப் போட்டுக்கிட்டேதான் தூங்கறாங்க, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்.


வார்டு அக்கா
வெள்ளி, காலை 6:50

வயிறு குளிர்ந்துச்சும்மா.

பல்செட்டை ராத்திரி சும்மா டம்ளர் தண்ணியில போட்டு வைக்காம, முதல்ல பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க. பூஞ்சை அதோட அடிப்பக்கம் படலமா ஒட்டியிருக்கும். வாயை மட்டும் சரி பண்ணிட்டு செட்டை அப்படியே மாட்டினா பத்தாம் நாள் திரும்ப வந்துடும். மார்புக்கு அடியில பவுடர் வேண்டாம், ஈரத்துல கட்டியாகும். பழைய மல்லு வேட்டியைக் கிழிச்சு மடிச்சு வச்சு, நனைய நனைய மாத்துங்க.

இன்னொண்ணு கேக்கணும். சுகர் எப்பப் பார்க்கறீங்க?


அம்பைக்காரி
வெள்ளி, காலை 7:30

காலையில வெறும் வயித்துல அக்கா. 110, 118 அப்படித்தான் இருக்கு. கன்ட்ரோல்ல இருக்குன்னுதான் நினைச்சுக்கிட்டிருக்கோம்.


வார்டு அக்கா
வெள்ளி, காலை 7:42

அதான் நெனச்சேன். காலையில ஸ்டீராய்டு போடறவங்களுக்கு சுகர் மதியத்துல இருந்து ராத்திரி வரைக்கும்தான் ஏறும். விடியறதுக்குள்ள இறங்கிடும். வெறும் வயித்துல பார்த்தா நல்லாத்தான் காட்டும். மதியம் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாருங்க.


அம்பைக்காரி
வெள்ளி, மாலை 4:15

312.


தோல்மருத்துவன்
வெள்ளி, இரவு 9:20

இந்த எண்ணை இன்றே உங்கள் மருத்துவருக்குச் சொல்லுங்கள். ப்ளூகோனசோலுக்காக மாத்திரையைப் பாதியாக்கியபோது உங்களுக்கே காலை அளவு மட்டும்தான் தெரியும், மதிய அளவு தெரிந்தால் திட்டம் மாறும். மதிய வேளைக்கு மட்டும் ஏதாவது கொடுக்கலாம். ஆனால் நீங்களாகக் கிளிமெபிரைடைக் கூட்டிவிடாதீர்கள், மதியத்தைக் குறைக்கப் போய் நள்ளிரவில் விழும்.

2021-ல் கருப்புப் பூஞ்சை வந்தபோது நாம் பார்த்ததும் இதே கூட்டணிதான். கட்டுப்படாத சர்க்கரை, கூடவே ஸ்டீராய்டு. அந்த மே மாதம் தமிழ்நாடு அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பெம்பிகஸ்காரர்களுக்கு அது அடிக்கடி வருவதில்லை. ஆனாலும் ஒரு பக்கம் முகம் வலித்து வீங்குவது, மூக்கிலிருந்து கருப்பாக வருவது, கண் பிதுங்குவது, மேலண்ணம் கருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அதில் மணிக்கணக்கும் முக்கியம்.


செம்மண்
சனி, காலை 6:05

எல்லாத்தையும் உக்காந்து படிச்சேன். நான் சொன்னதைக் கேட்டு காவி எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனச்சா மனசு கனக்குது. நர்ஸம்மா, என் மருமகனுக்கு தொடையில படர்தாமரை, மூணு மாசமா ஒரு ட்யூப் போட்டுக்கிட்டிருக்கான். பேரைப் பார்த்தேன், மூணு மருந்து கலந்ததுதான். இன்னைக்கே தோல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்.


வாவிக்கரை
அடுத்த வியாழன், மதியம் 12:40

அப்பாவுக்குச் சுரண்டிப் பார்த்தவை. பூஞ்சைதான். கொப்புளம் வாற இடத்துக்கு மட்டும் ஸ்டீராய்டு கிறீமாம், தடிப்புள்ள இடத்துக்கு வேற கிறீமும் குளிசையும் தந்திருக்கினம். ரெண்டு ட்யூப்பும் ஒரே நிறம். அப்பாவுக்குக் கண் வடிவாத் தெரியாது, அதால ஒண்டில சிவப்பு நூல் கட்டி வச்சிருக்கிறன். வீட்டில தம்பிக்கும் இருந்திருக்கு, அவனும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.


அம்பைக்காரி
அடுத்த வெள்ளி, இரவு 8:30

எட்டு நாள் ஆச்சு. நடுவுல ஒரு ராத்திரி பயந்தே போயிட்டோம். மூணு மணிக்கு அம்மா எழுந்து உக்காந்துட்டாங்க, நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்த்து, கை நடுங்குது. சுகர் 58. ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்து, கால் மணி கழிச்சுப் பார்த்தா 94. பார்மசிஸ்ட் சார் எழுதினதைப் படிச்சிருக்காட்டா, தூக்கக் கலக்கம்னு படுக்க வச்சிருப்பேன். மறுநாள் டாக்டர் கிளிமெபிரைடை நிறுத்திட்டு, மதியத்துக்கு மட்டும் கொஞ்சமா இன்சுலின் எழுதினார்.

வாய்ல வெள்ளை போயிடுச்சு. கன்னத்துல கொஞ்சம் சிவப்பு இருக்கு. கடைவாய் வெடிப்பு மூடிடுச்சு. ஸ்டீராய்டு 30ல இருக்கோம், புதுக் கொப்புளம் இல்லை. இன்னைக்கு மதியம் பருப்பு சாதத்துல ரசம் ஊத்தச் சொன்னாங்க. ஆறவச்சு, மிளகு போடாம ஊத்தினேன். ஒரு வாய் வச்சுட்டு, "உப்பு கூட"ன்னாங்க.

ருசி தெரியுது அக்கா.


வார்டு அக்கா
அடுத்த வெள்ளி, இரவு 8:41

14 நாளும் முடிக்கணும். நல்லாயிடுச்சுன்னு நடுவுல விட்டுடாதீங்க. மதிய சுகர் என்ன?


அம்பைக்காரி
அடுத்த வெள்ளி, இரவு 8:44

இன்னைக்கு 186 அக்கா. நாளைக்கும் பார்த்துட்டுப் போடறேன்.